கருவி கண்டறிதல்: ஒரு சொல் போதுமா?

தருமபுரியிலிருந்து

குழுவினருக்கு வணக்கம்.

வலையமைப்பு மேலாண்மை மென்பொருளின் தமிழ் இடைமுகத்தில் ‘ஆட்டோ டிஸ்கவரி’ (வலையில் உள்ள கருவிகளை மென்பொருள் தானே தேடிப் பட்டியலிடுவது) என்பதற்குத் ‘தானியங்குக் கருவிக் கண்டுபிடிப்பு’ என்று போட்டிருக்கிறோம். இதை மாற்ற வேண்டும். கைபேசித் திரையில் பட்டியின் தலைப்பு பாதியில் வெட்டுப்படுகிறது என்பது சிறிய காரணம். பெரிய காரணம் எச்சரிக்கைச் செய்தி. புதிதாக ஒரு ஸ்விட்ச் (கருவிகளைக் கேபிளால் ஒன்றிணைக்கும் பெட்டி) இணைந்ததும் ‘புதிய கருவி கண்டுபிடிப்பு: 10.20.8.17’ என்று திரையில் வருகிறது. படிப்பவருக்கு யாரோ புதுக் கருவியை உருவாக்கிவிட்டார்கள் என்ற செய்தித்தாள் தலைப்பு போலத்தான் படும். ‘கண்டுபிடிப்பு’ பேச்சுவழக்கில் புத்தாக்கத்தின் பக்கம் போய் வெகுகாலம் ஆகிவிட்டது.

இதுவரை வந்த பரிந்துரைகள்: தேடல், கண்டறிதல், வருடல், தானறிதல், துழாவல். ‘தானறிதல்’ தன்னைத் தானே அறிவது என்ற பொருளைத் தருவதால் அதைத் தள்ளிவிடலாம். ‘தேடல்’ ஏற்கெனவே தேடுபெட்டிக்குப் போய்விட்டது. மற்றவை பற்றிச் சொல்லுங்கள். பெயர்ச்சொல்லாக மட்டும் பார்க்காதீர்கள். பொத்தானில் ஏவலாகவும் அமைப்புப் பக்கத்தில் அடைமொழியாகவும் பதிவுக் கோப்பில் இறந்தகாலமாகவும் அது வர வேண்டும்.


கிருஷ்ணகிரியிலிருந்து

வணக்கம் ஐயா.

சொல்லைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் அந்த ஆங்கிலச் சொல் எத்தனை வேலைகளைச் செய்கிறது என்று பார்த்துவிடுவோம். ஓப்பன்என்எம்எஸ் மென்பொருளில் டிஸ்கவரி என்றால், கொடுத்த முகவரி எல்லைக்குள் ஒவ்வொரு முகவரிக்கும் பிங் (‘இருக்கிறாயா’ என்று கேட்கும் சிறு பாக்கெட்) அனுப்பிப் பதில் வருகிறதா என்று பார்ப்பது. அதோடு அந்த நிரலின் வேலை முடிந்தது. பதில் சொன்ன முகவரி எந்தக் கருவி, அதில் என்னென்ன சேவைகள் ஓடுகின்றன, பட்டியலில் எந்தப் பெயரில் சேர்ப்பது என்பதெல்லாம் இன்னொரு நிரலின் பொறுப்பு. இதே வகை மென்பொருளான லிப்ரேஎன்எம்எஸ்ஸில் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை ஓடும் டிஸ்கவரி முற்றிலும் வேறு. ஏற்கெனவே பட்டியலில் உள்ள கருவிக்குள் எத்தனை போர்ட் (கேபிள் செருகும் முனை), எத்தனை வெப்ப உணரி இருக்கின்றன என்று அது பார்க்கிறது. புதுக் கருவிகளைத் தேட அங்கே தனி ஸ்கிரிப்ட் உண்டு. அதே வகையைச் சேர்ந்த ஸாபிக்ஸிலும் வலையமைப்பு அளவில் ஒன்று, கருவிக்குள் ஒன்று என இரண்டு டிஸ்கவரி.

இவை எல்லாவற்றுக்கும் நாம் ஒரே சொல்லைப் போட்டால், பாலக்கோட்டில் உட்கார்ந்திருக்கும் தொழில்நுட்பர் ‘கண்டறிதல் தோல்வி’ என்ற வரியைப் பார்த்து கேபிளைச் சோதிப்பாரா, எஸ்என்எம்பி (கருவியிடம் அதன் விவரங்களைக் கேட்டறியும் நெறிமுறை) கடவுச்சொல்லைச் சோதிப்பாரா? எந்தப் படியில் நின்றது என்பதைச் சொல்லே காட்டிக்கொடுக்க வேண்டும்.

முதல் படிக்கு நான் ‘துழாவல்’ பக்கம். வற்றும் ஏரியில் கை துழாவி மீன் பிடிப்பது போல, அடியில் என்ன கிடக்கிறது என்று தெரியாமலே ஒவ்வொரு இடமாகத் தொட்டுப் பார்க்கிற வேலைதான் இது. ‘வருடல்’ மேற்பரப்பை மெல்லத் தடவுவது. அதோடு ‘வருடி’ ஆவண ஸ்கேனருக்கு நிலைத்துவிட்டது. துழாவு, துழாவல், துழாவி, துழாவிய முகவரி, துழாவல் எல்லை, துழாவல் விலக்கு என்று எல்லா வடிவமும் இடறாமல் வருகின்றன.

சொல் சரியாக இருந்தால் அமைப்பதும் எளிது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. தலைமையிடம் தருமபுரியில் 10.20.0.0/22, பாலக்கோடு 10.20.8.0/24, அரூர் 10.20.9.0/24, அஞ்செட்டி 10.20.12.0/24 என்று வைத்துக்கொள்வோம் (/22 என்றால் 1,022 முகவரிகள், /24 என்றால் 254). ‘கருவிகளைக் கண்டுபிடி’ என்று எழுதியிருந்தால் பலரும் 10.20.0.1 முதல் 10.20.255.254 வரை மொத்தமாகக் கொடுத்துவிடுவார்கள், மென்பொருள் எப்படியோ கண்டுபிடித்துக்கொள்ளும் என்ற நம்பிக்கையில். ஓப்பன்என்எம்எஸ்ஸின் இயல்பான வேகம் நொடிக்கு 1 பாக்கெட். 65,534 முகவரிகளை ஒருமுறை சுற்றிவரவே 18 மணி நேரத்துக்கு மேல் ஆகும். பதில் வராதவற்றுக்கு மறுமுயற்சி தனி. அந்தச் சுற்று முடிந்து 24 மணி நேரம் ஓய்வெடுத்த பிறகுதான் அடுத்தது தொடங்கும். காலையில் மாட்டிய ஏக்சஸ் பாயின்ட் (வைஃபை தரும் கருவி) மாலைவரை வரவில்லை என்று புகார் வந்தால் காரணம் பெரும்பாலும் இதுவே. நான்கு எல்லைகளையும் தனித்தனியாகக் கொடுத்தால் மொத்தம் 1,784 முகவரிகள்; அரை மணி நேரத்தில் முடியும். ‘துழாவல் எல்லை’ என்று பெட்டியின் மேல் எழுதியிருந்தால் ஒவ்வொன்றாகத் தொடப்போகிறது என்பது அமைப்பவருக்கு உடனே உறைக்கும்.

வேகத்தைக் கூட்டலாமே என்று தோன்றும். தலைமையிடத்தில் கூட்டலாம். அஞ்செட்டி போன்ற ரேடியோ இணைப்பில் வேண்டாம். பிங் பாக்கெட் சிறியதுதான், அதனால் இணைப்பு நிரம்பாது. சிக்கல் மறுமுனையில். ஆளில்லாத முகவரிக்கு வரும் ஒவ்வொரு பிங்குக்கும் அங்குள்ள ரவுட்டர் ‘இந்த முகவரி யாருடையது’ என்று ஏஆர்பி கேள்வியைத் தன் வலை முழுவதற்கும் ஒலிபரப்ப வேண்டும். நொடிக்குச் சில நூறு அனுப்பினால் சிறிய ரவுட்டர் திணறும். நடுவில் ஃபயர்வால் இருந்தால் அதன் இணைப்பு அட்டவணையும் வீணாக நிரம்பும். மாறாக, பதிலுக்குக் காத்திருக்கும் நேரத்தை இயல்பான 2,000 மில்லிநொடியிலிருந்து 300க்குக் குறைத்தால், நெரிசல் நேரத்தில் தாமதமாகப் பதில் தரும் கருவிகள் விடுபட்டுப்போகும்.

அடுத்த படிக்கு ‘இனங்காணல்’ என்கிறேன். பதில் சொன்ன முகவரியிடம் எஸ்என்எம்பி வழியாக அதன் கருவியின அடையாள எண்ணைக் கேட்கிறோம். 1.3.6.1.4.1.9 என்று தொடங்கினால் சிஸ்கோ, அந்த 9இன் இடத்தில் 14988 என்றால் மைக்ரோடிக், 8072 என்றால் நெட்-எஸ்என்எம்பி ஓடும் பொறி. இது இனத்தைக் காண்பதன்றி வேறில்லை.

இங்கே கையேட்டில் தடித்த எழுத்தில் போட வேண்டிய ஒன்று உண்டு. எஸ்என்எம்பி பதிப்பு 2சி-யில் கம்யூனிட்டிச் சொல் (முன்பு சொன்ன கடவுச்சொல்) தவறாக இருந்தால் கருவி ‘தவறு’ என்று பதில் தராது, மௌனமாக இருந்துவிடும். எஸ்என்எம்பியே இல்லாத கருவியிடமிருந்தும் எஸ்என்எம்பி பதில் வராது. மேலாளர் கணினியின் முகவரியை அனுமதிப் பட்டியலில் சேர்க்காத கருவியும் அப்படியே. எஸ்என்எம்பி கேட்கும் யுடிபி 161இல் மூன்றும் மென்பொருளுக்குப் பெரும்பாலும் ஒன்றுபோலவே தெரியும். எனவே செய்தி ‘இனங்காண முடியவில்லை’ என்றுதான் இருக்க வேண்டும். ‘எஸ்என்எம்பி இல்லை’ என்று மொழிபெயர்த்தால் அது பொய். பிரித்தறிய ஒரு வழி: அதே கணினியிலிருந்து அந்த முகவரிக்கு எஸ்என்எம்பிவாக் கட்டளையைச் சரியான கம்யூனிட்டிச் சொல்லோடு கையால் கொடுங்கள். அப்போது வருகிறது, மென்பொருளில் வரவில்லை என்றால் மென்பொருளில் ஏற்றிய சொல்லில் பிழை.

வரிசையும் முக்கியம். முதலில் கம்யூனிட்டிச் சொற்களை எல்லைவாரியாக ஏற்ற வேண்டும், பிறகே துழாவலை ஓடவிட வேண்டும். மாற்றிச் செய்தால், நான்கு இடைமுகங்கள் (தனித்தனி முகவரி உள்ள இணைப்பு முனைகள்) கொண்ட ஒரே ரவுட்டர் நான்கு தனிக் கருவிகளாகப் பட்டியலில் ஏறும். எஸ்என்எம்பி கிடைத்திருந்தால் அதன் முகவரி அட்டவணையைப் படித்து நான்கும் ஒன்றே என்று மென்பொருள் அறிந்திருக்கும். பிறகு கம்யூனிட்டிச் சொல்லைச் சரிசெய்தாலும் பழைய நான்கையும் கையால் நீக்கித்தான் ஆக வேண்டும். எல்லாக் கம்யூனிட்டிச் சொற்களையும் எல்லா முகவரிக்கும் முயன்று பார்க்கும் வசதியைத் திறந்துவிடாதீர்கள். 2சி-யில் அந்தச் சொல் மறையாக்கம் இல்லாமல் போகிறது. வலையில் யார் கேட்டுக்கொண்டிருந்தாலும் கிடைத்துவிடும்.

விண்டோஸ் கணினிகள் துழாவலில் அகப்படவில்லை என்று கேள்வி வரும். அவற்றின் ஃபயர்வால் பிங்கை இயல்பாகத் தடுத்துவைத்திருக்கலாம். அது மென்பொருளின் குறையல்ல என்று ஒரு வரி சேர்த்தால் போதும்.


ஓசூரிலிருந்து

அண்ணா, துழாவல் எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் பிங் துழாவலையும் போர்ட் துழாவலையும் (இங்கே போர்ட் என்பது ஒரு கருவியில் ஒவ்வொரு சேவைக்கும் உள்ள எண்) ஒரே சொல்லில் கலந்துவிடக் கூடாது. இங்கே தொழிற்சாலை வலைகளில் அது ஆபத்து. பழைய பிஎல்சி (எந்திரங்களை இயக்கும் கட்டுப்பாட்டுக் கணினி) சிலவற்றில் வரிசையாக டிசிபி போர்ட்களைத் திறந்து மூடினால் தகவல்தொடர்பு அட்டை தொங்கிப்போகும், உற்பத்தி நிற்கும். பிரின்டரின் 9100 போர்ட்டுக்கு எதை அனுப்பினாலும் அது அச்சிடப் பார்க்கும், தாள் தாளாகக் குப்பை வரும். போர்ட்களை ஆராயும் என்மேப் நிரலே பதிப்பு அறியும் சோதனையில் 9100 முதல் 9107 வரை இயல்பாக விட்டுவிடுகிறது. எனவே முகவரிக்குத் ‘துழாவல்’, போர்ட்டுக்குச் ‘சேவை சோதித்தல்’. ‘சோதித்தல்’ என்றால் கருவியை ஏதோ செய்யப்போகிறோம் என்ற எச்சரிக்கை சொல்லிலேயே இருக்கிறது. பிஎல்சி எல்லைகளைத் துழாவல் விலக்கில் போட்டுவிட்டு அவற்றைக் கையால் சேர்ப்பதே நல்லது.

இன்னொன்று. ஐபிவி6 (மிக நீண்ட முகவரிகள் கொண்ட புதிய முறை) வந்தால் துழாவல் என்ற முறையே நின்றுவிடும். ஒரு /64 வலையில் முகவரிகள் 2இன் 64ஆம் அடுக்கு. எந்த வேகத்தில் துழாவினாலும் முடியாது. அங்கே ரவுட்டரின் அண்டை அட்டவணையையும் ஸ்விட்ச்களின் எல்எல்டிபி தகவலையும் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். எல்எல்டிபி ஓடும் ஸ்விட்ச் 30 நொடிக்கு ஒருமுறை ‘நான் இன்னார், இந்தப் போர்ட்டில் இருக்கிறேன்’ என்று பக்கத்துக் கருவிக்குச் சொல்லும். 120 நொடி புதுத்தகவல் வராவிட்டால் பக்கத்துக் கருவி அதை மறந்துவிடும். இதற்கு ‘அண்டையறிதல்’ என்று தனிச்சொல் வேண்டும். வலைப்படம் வரைவதும் இதை வைத்துத்தான். நடுவில் எல்எல்டிபி தெரியாத மலிவு ஸ்விட்ச் ஒன்று இருந்தால், அதன் இருபுறமும் உள்ளவை நேரே இணைந்திருப்பது போலவோ துண்டாகக் கிடப்பது போலவோ படத்தில் வரும். படம் தவறு என்று துழாவல் எல்லையைத் திருத்திக்கொண்டிருப்பதில் பயனில்லை.


அரூரிலிருந்து

ஐயா, பட்டியலில் சேரும் படிக்குச் ‘சேர்க்கை’ என்பதே போதும். ‘பதிவேற்றம்’ கோப்புக்குப் போய்விட்டது. சேர்க்கை விதி, சேர்க்கை மறுப்பு என்று நன்றாகவே வருகிறது.

ஸாபிக்ஸில் முன்பு பதிலளித்துவந்த கருவி பேசாமல் போனால் ‘லாஸ்ட்’ என்ற நிலை வரும். அதை ‘இழப்பு’ என்று எழுதியிருக்கிறோம். மாங்கூழ் ஆலைகளை நினைத்துப் பாருங்கள். பருவம் முடிந்ததும் ஆலைக்குள் இருக்கும் ஸ்விட்ச், கேமரா, எடைமேடைக் கணினி எல்லாவற்றையும் அணைத்துவிடுவார்கள். 24 மணி நேரம் பதில் இல்லை என்றால் நீக்கு என்று விதி வைத்திருந்தால், மறுநாளே ஆலையின் கருவிகள் பட்டியலிலிருந்து போய்விடும். பழைய அளவீடுகளும் சேர்ந்து போகும். ‘இழப்பு’ என்று படிப்பவர், போனது போகட்டும் என்று நீக்க அனுமதித்துவிடுவார். ‘பதிலில்லை’ என்று எழுதினால் காத்திருப்பார். நீக்குவதற்குப் பதிலாக முடக்கிவைக்கும் செயலை விதியில் தேர்ந்தெடுக்கலாம் என்பதையும் அதே பக்கத்தில் குறிப்பாகத் தர வேண்டும்.

அதே நோக்கில் ஓப்பன்என்எம்எஸ்ஸின் ‘நியூ சஸ்பெக்ட்’ நிகழ்வைப் ‘புதிய சந்தேகம்’ என்று வைத்திருப்பதும் கூடாது. காவல் நிலையப் பதிவேடு போல இருக்கிறது. அந்த நேரத்தில் மென்பொருளுக்குத் தெரிந்தது ஒரு முகவரி பதில் சொன்னது என்பது மட்டும்தான். அது புதுக் கருவியாகவும் இருக்கலாம், இருக்கிற ரவுட்டரின் இன்னோர் இடைமுகமாகவும் இருக்கலாம். ‘புது முகவரி’ என்றால் தெரிந்ததற்கு மேல் எதுவும் சொல்லாது.


தருமபுரியிலிருந்து

நன்றி. அப்படியானால் பட்டியின் தலைப்பு ‘கருவி கண்டறிதல்’. ‘தானியங்கு’ வேண்டாம், அட்டவணைப்படி ஓடுவதை இயக்கும் தேர்வுப்பெட்டியில் மட்டும் ‘தானாக ஓடட்டும்’ என்று இருக்கும். அதற்குள் துழாவல், இனங்காணல், சேவை சோதித்தல், அண்டையறிதல், சேர்க்கை. கருவிக்குள் போர்ட்டும் உணரியும் பார்ப்பதற்கு ‘உட்கூறு அறிதல்’ என்று வைத்திருக்கிறேன். இதைக் கருவிப் பக்கத்துக்குள் காட்டுவோம், இந்தப் பட்டியில் வேண்டாம். ‘உறுப்பு’ என்று யாராவது விரும்பினால் சொல்லுங்கள். அட்டை, போர்ட் போன்றவற்றுக்கு அது பொருந்துகிறது, ஆனால் வெப்ப அளவீட்டுக்கு ஒட்டவில்லை.

எச்சரிக்கை வரிகளை இப்படி மாற்றியிருக்கிறேன்: ‘புது முகவரி: 10.20.8.17’, ‘10.20.8.17 இனங்காண முடியவில்லை: எஸ்என்எம்பி பதிலில்லை’, ‘10.20.8.17 சேர்க்கப்பட்டது: பாலக்கோடு-ஸ்விட்ச்-2’. ஓசூர் தம்பி சொன்னபடி சேவை சோதித்தல் பக்கத்தில் 9100ஐ விலக்குப் பெட்டியில் முன்கூட்டியே நிரப்பிவைக்க வேண்டும் என்று நிரலாளர்களுக்குத் தனியாக வழு பதிந்திருக்கிறேன். மொழிபெயர்ப்புக் கோப்பில் ‘கண்டுபிடிப்பு’ இன்னும் எங்கெல்லாம் ஒளிந்திருக்கிறது என்று பார்க்கும்போது கண்ணை மூடிக்கொண்டு மொத்தமாக மாற்ற வேண்டாம். சேவை சோதித்தல் வரும் இடங்களிலும் அதே சொல்தான் நிற்கிறது, ஒவ்வொரு வரியையும் எந்தப் படி என்று பார்த்தே மாற்ற வேண்டும்.