நெக்ரோசிஸ்: அழுகலா, மடிவா?

உயிருள்ள உடலில் ஒரு பகுதித் திசு இறந்துபடுவதைக் குறிக்கும் நெக்ரோசிஸ் (necrosis) என்னும் மருத்துவச் சொல்லுக்குத் தமிழில் 'திசு அழுகல்' என்று முன்வைக்கப்பட்டுள்ள சொல்லை என்னால் ஏற்க இயலவில்லை. அழுகல் என்றதும் கிருமிகள் புகுந்து சிதைப்பதே நினைவுக்கு வரும். மாரடைப்பில் இதயத் தசை இறப்பதோ அவ்வாறு அன்று. இரத்தக்குழாய் அடைபட்டு, ஏறத்தாழ அரைமணி நேரம் இரத்தம் வராமற்போனாலே அத்தசையின் செல்கள் மீளமுடியாதபடி பழுதடையத் தொடங்கி, வீங்கி, சவ்வு கிழிந்து, உள்ளிருக்கும் புரதங்களை வெளியே கசியவிடுகின்றன. அவற்றுள் ஒன்றாகிய ட்ரோபோனினைத்தான் மருத்துவர்கள் இரத்தப் பரிசோதனையில் தேடுகிறார்கள். இதில் அழுகுவதற்கு இடமே இல்லை.

கிரேக்கத்தில் 'நெக்ரோஸ்' என்றால் பிணம். உயிருள்ள உடலில் ஒரு பகுதி மட்டும் இறந்துபடுவதற்கு அதன் வழியே பெயர் வந்தது. கால்விரல் போன்ற உறுப்புப் பகுதி இறந்து கறுத்துப்போகும் கேங்ரீன் (gangrene) என்பதற்கு மூலமான கிரேக்கச் சொல் அரித்துத் தின்னும் புண்ணைக் குறித்தது. ஆகவே, 'அழுகல்' கேங்ரீனுக்கே உரியதாக இருக்கட்டும். கால்விரல் கறுத்து வற்றிப்போகும் உலர்வகைக்கு அச்சொல் முழுமையாகப் பொருந்தாதுதான். ஆயினும் வழக்கில் ஊன்றிவிட்டதை அசைக்க வேண்டாம் என்பது என் கருத்து.

நெக்ரோசிஸுக்குத் 'திசு மடிவு' என்பதைப் பரிந்துரைக்கிறேன். இலங்கை வழக்கில் 'இழைய மடிவு' எனலாம். துணி மடிப்போடு குழம்பும் என்று சிலர் தயங்கலாம். 'போரில் மடிந்தனர்' என்று நாள்தோறும் எழுதுகிறோம். 'திசு' என்னும் அடை முன்னிற்கையில் அக்குழப்பம் எழாது. 'மடிந்த திசு' என்று பெயரெச்சமாகவும், இதயத்திலும் சிறுநீரகத்திலும் காணும் வகைக்கு 'உறைமடிவு', மூளையில் காணும் வகைக்குக் 'கரைமடிவு' என்று தொகையாகவும் இது இயல்பாக விரிகிறது.

'செல் இறப்பு' போதாதா என்றால், போதாது. உடலே திட்டமிட்டுச் செல்களை நீக்கும் அப்போப்டோசிஸும் அதில் அடங்கிவிடும். கருவில் விரல்களுக்கு இடைப்பட்ட திசு மறைவது அவ்வாறுதான். அங்கே செல் வீங்குவதில்லை, சுருங்கித் துண்டுகளாகி, அழற்சியின்றி விழுங்கப்படுகிறது. 1972இல் கெர், வில்லி, கர்ரி ஆகிய ஆய்வாளர்கள் அதற்குப் பெயரிட்டபோது, இலையும் இதழும் உதிர்வதைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லை எடுத்துக் கொடுத்தவர் அபர்டீன் பல்கலைக்கழகக் கிரேக்கப் பேராசிரியர் ஜேம்ஸ் கோர்மாக். தமிழில் 'செல் உதிர்வு' என்பது அதற்கு அப்படியே பொருந்துகிறது.

காசநோயில் காணும், பாலாடைக்கட்டி போன்ற மடிவுக்கு மட்டும் சுருக்கமான பெயர் எனக்கு அமையவில்லை. அதற்குத் தகுந்த சொல்லைத் தோன்றுவோர் முன்வைக்க வேண்டுகிறேன்.