மே மாத வெயிலில் குளத்துக் குளியல்: அமீபா பயம் எவ்வளவு நியாயம்?

செண்பகம், கோவை:
என் கணவரின் ஊர் மலப்புறம் பக்கம். வீட்டுக்குப் பின்னால் கல்படி வைத்த குளம் இருக்கிறது. கல்யாணமான புதிதில் ஏப்ரலில்கூட முதல் படியில் கால் வைத்தால் உடம்பு சிலிர்க்கும். போன மே மாதம் பிற்பகலில் இடுப்பளவு இறங்கினேன். மேல் தண்ணீர் சுட்டது. முழங்காலுக்குக் கீழேதான் கொஞ்சம் குளிர்ச்சி. 2024-இல் கேரளத்தில் ‘மூளையைத் தின்னும் அமீபா’வால் குழந்தைகள் இறந்ததிலிருந்து என் பிள்ளைகளைக் குளத்தில் இறக்க மனம் வரவில்லை. வெயில் கூடியதால்தான் இது வருகிறதா? அல்லது முன்பே இருந்ததை இப்போதுதான் கண்டுபிடிக்கிறார்களா?

பாரி:
குளிக்கும்போது ஒரு வாய்கூட விழுங்கக் கூடாது என்று சொல்லிவையுங்கள். குடிக்கக் கொதித்து ஆறிய நீரே கொடுங்கள்.

வேலாயுதம்:
பாரி சொன்னது வயிற்றுப்போக்குக் கிருமிகளுக்குச் சரி. செண்பகம் கேட்ட மூளை தின்னும் அமீபாவுக்கு, அதாவது நெக்லேரியா ஃபௌலரிக்கு, வழி வாயல்ல, மூக்கு. குதிக்கும்போது மூக்கில் ஏறும் தண்ணீரோடு வந்து, மோப்ப நரம்பைப் பிடித்து மூளைக்குப் போகிறது.

ஆய்வகத்தில் 26 ஆண்டு இருந்தவன் நான். ஒருமுறை அதைக் கண்ணால் பார்த்தேன். நோயாளியின் தண்டுவட நீரில் ஒரு சொட்டு. வெள்ளணுக்கள் கிடந்த இடத்திலேயே கிடக்க, ஒன்று மட்டும் மழுங்கிய விரல்போல முனையை நீட்டி, உடம்பை அதற்குள் ஊற்றிக்கொண்டு நகர்ந்தது. மாதிரியைக் குளிர்பெட்டியில் வைத்திருந்தால் அசைவு நின்று, அதையும் வெள்ளணு என்றே எண்ணியிருப்பேன்.

சூடுதான் அதற்கு வாழ்வு. 46 டிகிரி செல்சியஸிலும் பெருகும். குளிர்ந்தால் கூடுகட்டி அடிச்சேற்றில் காத்திருக்கும். குளம் சூடாக இருக்கும் நாட்கள் கூடக்கூட, அது பெருகும் நாட்களும் கூடுகின்றன. அமெரிக்காவில் இது பெரும்பாலும் தென்மாநிலத்து நோய்; 2010-இல் கனடா எல்லையை ஒட்டிய மினசோட்டாவிலேயே ஒரு குழந்தை இறந்தது. 1965-இல் இந்நோயை முதலில் விவரித்த தெற்கு ஆஸ்திரேலியாவில், தரைமேல் நெடுந்தூரம் கிடந்த குடிநீர்க் குழாய்களே வெயிலில் சூடேறி அதற்கு இடம் கொடுத்தன. சூடு ஏறினால் குளோரினும் சீக்கிரம் தீர்ந்துபோகும்.

ஆனால் எல்லாவற்றையும் வெயிலின் தலையில் கட்ட மாட்டேன். கேரள மருத்துவர்கள் இப்போது தேடிப் பார்க்கிறார்கள், அதனால் கிடைக்கிறது. 2024-இல் கோழிக்கோடு மாவட்டத்தில் ஒரு சிறுவன் பிழைத்ததே சீக்கிரம் சந்தேகப்பட்டதால்தான். உலகெங்கும் இந்த நோயில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கும் மேல் இறந்துவிடுகிறார்கள்.

செண்பகம்:
அப்படியானால் குளமே வேண்டாமா ஐயா? மாமியார் மனம் உடைந்துவிடுவார்.

வேலாயுதம்:
இது வெகு அபூர்வம் அம்மா, அதை மறக்க வேண்டாம். ஆனாலும் கோடைப் பிற்பகலில், தண்ணீர் வற்றிச் சூடேறிய நாளில், இறக்காதீர்கள். மற்ற நாட்களில் தலையை முக்காமல், குதிக்காமல், அடிச்சேற்றைக் கலக்காமல் குளிக்கட்டும். மூக்குக்குக் கிளிப் போட்டால் இன்னும் நல்லது. குளித்த இரண்டு வாரத்துக்குள் காய்ச்சலும் கடும் தலைவலியும் வாந்தியும் வந்தால், மருத்துவர் கேட்கும்வரை காத்திருக்காமல் குளத்தைப் பற்றி நீங்களே முதலில் சொல்லுங்கள்.