லைசென்ஸ் காட்டக் கொடுத்த போனில் வாட்ஸ்அப்பைத் திறந்து பார்க்கலாமா?

நகலகம்:

ஒத்தக்கடையில், ஹைகோர்ட் கிளைக்குப் போகிற வழியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பதினோரு வருடம் ஆகிறது. ரிட் மனு, ஜாமீன் மனு என்று கட்டுக்கட்டாக வரும். பாதி மனுக்களில் எங்காவது 'அரசியல் சட்டம், பிரிவு 21' என்று அடித்திருப்பார்கள். பக்கத்துக்கு இவ்வளவு என்று காசு வாங்கியதோடு சரி, அது என்ன சொல்கிறது என்று நின்று படித்ததில்லை. போன சனிக்கிழமைக்குப் பிறகுதான் படிக்கத் தோன்றியது.

அன்று ராத்திரி ஒன்பதரைக்கு மேல் கடையை அடைத்துவிட்டு வண்டியில் வந்துகொண்டிருந்தேன். பின்னால் மனைவி. வழியில் வாகனச் சோதனை. லைசென்ஸ் கேட்டார்கள். கார்டு வீட்டில் இருக்கிறது, டிஜிலாக்கரில் காட்டினேன். வெளிச்சம் பத்தவில்லை என்று போனைக் கையில் வாங்கினார். லைசென்ஸைப் பார்த்தார், சரி என்றார். ஆனால் போன் திரும்பி வரவில்லை. கட்டைவிரல் அப்படியே நகர்ந்து வாட்ஸ்அப்புக்குப் போய்விட்டது. ஏதோ தேடினார். கேலரி. மறுபடியும் வாட்ஸ்அப். அப்புறம் சத்தமாக, "யாருங்க இது, மூணு மாச வட்டி பாக்கின்னு அனுப்பிருக்கான்?"

அடகுக் கடைக்காரர் அனுப்பியது. மனைவியின் சங்கிலி. அவளுக்கே தெரியாது, புது மிஷினுக்கு முன்பணம் கட்ட வைத்தேன். அவள் பின்னால் நிற்கிறாள்.

வீட்டில் என்ன நடந்தது என்பது இங்கே வேண்டாம்.

மறுநாள் டீக்கடையில் சொன்னேன், மூன்று பேர் மூன்று விதம். ஒருவர், "மடியில கனமில்லைன்னா வழியில என்ன பயம்?" என்றார். இன்னொருவர், கவர்மென்ட் ஏற்கெனவே எல்லா போன் காலையும் ரெக்கார்டு பண்ணுகிறது, வாட்ஸ்அப்பில் மூன்று டிக் விழுந்தால் அரசாங்கம் படித்துவிட்டது என்று அர்த்தம், இதில் நீ எதை மறைக்கப் போகிறாய் என்று சிரித்தார். மூன்றாமவர் ஓய்வுபெற்ற வாத்தியார். அந்தரங்க உரிமை என்கிற வார்த்தையே நம் அரசியல் சட்டத்தில் கிடையாது, வேண்டுமானால் புரட்டிப் பார் என்கிறார். கடையிலேயே ஒரு பிரதி இருந்தது, புரட்டினேன். நிஜமாகவே இல்லை.

இந்த மூன்றில் எது சரி?

கருப்புக் கோட்டு:

வாத்தியார் சொன்னதில் பாதி சரி. வார்த்தை இல்லை. 1954ல் எம்.பி.சர்மா வழக்கில் எட்டு நீதிபதிகள், 1962ல் கரக் சிங் வழக்கில் ஆறு நீதிபதிகளில் நான்கு பேர், அப்படி ஓர் உரிமைக்கு நம் சட்டத்தில் இடமில்லை என்றுதான் எழுதினார்கள். கரக் சிங் உத்தரப் பிரதேசத்துக்காரர். கொள்ளை வழக்கில் பிடித்தார்கள், ஆதாரம் இல்லை என்று விட்டார்கள், ஆனால் ஹிஸ்டரி ஷீட், அதாவது போலீஸ் கண்காணிப்புப் பதிவேடு, திறந்துவிட்டார்கள். அப்புறம் நடுராத்திரியில் கதவைத் தட்டுவது, போகிற இடமெல்லாம் கணக்கெடுப்பது. ராத்திரி கதவு தட்டுவதை மட்டும் கோர்ட் நிறுத்தியது. மற்றதெல்லாம் தொடரலாம் என்றது.

அடுத்து 1994. நம்ம ஊர் வழக்கு. ஆட்டோ சங்கர் ஜெயிலில் எழுதிய தன் கதையை நக்கீரன் வெளியிடப் போனபோது சிறை அதிகாரிகள் கூடாது என்று கடிதம் போட்டார்கள். முன்கூட்டியே தடுக்க அதிகாரிகளுக்கு அதிகாரமில்லை என்றது உச்ச நீதிமன்றம். அதே தீர்ப்பில்தான், ஒருவனை அவன்பாட்டில் இருக்க விட வேண்டும் என்கிற உரிமை, உயிரையும் தனிமனிதச் சுதந்திரத்தையும் காக்கிற பிரிவு 21க்குள்ளேயே இருக்கிறது என்றும் எழுதினார்கள். அப்படியும் முழுசாகத் தீரவில்லை. 2015ல் ஆதார் வழக்கில் அந்தரங்கம் அடிப்படை உரிமையே அல்ல என்று மத்திய அரசு தரப்பில் வாதாடினார்கள். கர்நாடக உயர் நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதிபதி புட்டசாமி 2012ல் போட்ட வழக்கு அது. 24 ஆகஸ்ட் 2017 அன்று ஒன்பது நீதிபதிகளும் ஒரே குரலில், உண்டு, அடிப்படை உரிமைதான் என்றார்கள். பழைய இரண்டு தீர்ப்பில் இருந்த மறுப்பும் அன்றோடு போனது. வாத்தியாரின் புத்தகத்தில் குறையில்லை, தீர்ப்புகள் அதில் இருக்காது, அவ்வளவுதான்.

உங்கள் போன் விஷயம். மோட்டார் வாகனச் சட்டம் 130ன்படி சீருடையில் இருப்பவர் கேட்டால் லைசென்ஸைக் காட்ட வேண்டும். அது வாட்ஸ்அப்பைத் தேடும் அதிகாரம் ஆகாது. வழக்கு விசாரணைக்குப் போன் வேண்டுமென்றால் பிஎன்எஸ்எஸ், அதாவது புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம், 94ன்படி எழுத்தில் கேட்க வேண்டும். வாரண்ட் இல்லாமல் தேட 185ல் வழி உண்டு. ஆனால் விசாரணை என்று ஒன்று நடந்துகொண்டிருக்க வேண்டும், காரணத்தை முதலில் எழுதி வைக்க வேண்டும். 105ன்படி சோதனையை வீடியோவும் எடுக்க வேண்டும். உங்களிடம் இதில் எது நடந்தது?

2021 அக்டோபரில் ஹைதராபாத்தில் வழியில் போகிற பையன்களை நிறுத்தி, வாட்ஸ்அப்பில் 'கஞ்சா' என்று அடித்துத் தேடிய வீடியோ வந்ததே, அதே சமாசாரம்தான் இது.

ராத்திரி பத்து மணிக்கு ரோட்டில் நின்று சட்டப் பிரிவு பேசச் சொல்ல மாட்டேன். நானே பேச மாட்டேன். போனை உங்கள் கையிலேயே பிடித்தபடி காட்டுங்கள், அது போதும்.

கடைசி பஸ்:

மன்னிக்கணும், நான் டீக்கடையில் முதலாவது ஆள் கட்சி. இரண்டு வருடம் முன்னால் என் அக்கா கழுத்திலிருந்து சங்கிலியை அறுத்துக்கொண்டு போனார்கள். சிசிடிவியும் செல்போன் டவரும் வைத்துத்தான் ஒன்பதாவது நாள் ஆளைப் பிடித்தார்கள். அன்றைக்கு இந்த உரிமை எல்லாம் பேசிக்கொண்டிருந்தால் சங்கிலி வந்திருக்குமா? வட்டிக் கடை மெசேஜைப் பார்த்ததால் அண்ணனுக்குச் சட்டப்படி என்ன நஷ்டம்? வீட்டில் திட்டு விழுந்தது, அது தனி.

பழைய லைன்மேன்:

தம்பி கடைசி பஸ், உங்கள் அக்கா விஷயத்தில் புகார் இருந்தது, எஃப்ஐஆர் இருந்தது, தேடப்படுகிற ஆள் இருந்தான். ஜெராக்ஸ் கடைத் தம்பி விஷயத்தில் இவற்றில் ஒன்றாவது உண்டா? ரெண்டும் ஒன்றல்ல.

நான் 1979ல் தொலைபேசித் துறையில் சேர்ந்தவன். அன்றைக்கு ஒரு லைனைக் கேட்க வேண்டுமென்றால் எங்கள் எக்ஸ்சேஞ்சுக்கு வந்துதான் ஆக வேண்டும். எம்.டி.எஃப் என்று ஒரு பெரிய இரும்புச் சட்டகம், ஊர் லைனெல்லாம் அதில் வந்து முடியும். ஒரு ஜோடி ஜம்பர் வயர் இழுத்தால் பேச்சு இன்னோர் இடத்திலும் கேட்கும். நானே டெஸ்ட் போனை மாட்டும்போது யாராவது பேசிக்கொண்டிருப்பார்கள். சட்டென்று கழற்றிவிடுவோம். சில பேர் கழற்ற மாட்டார்கள், அதையும் சொல்லத்தான் வேண்டும். டிரங்க் காலில் ஆபரேட்டர் கேட்பார் என்று ஊருக்கே தெரியும். கல்யாணப் பேச்சு என்றால் பவுன் கணக்கைப் போனில் பேசவே மாட்டார்கள்.

அரசாங்கங்களே இதில் தடுக்கி விழுந்திருக்கின்றன. 1988ல் கர்நாடகாவில் ராமகிருஷ்ண ஹெக்டே ஒட்டுக்கேட்பு விவகாரத்தில்தான் முதல்வர் பதவியை விட்டார். 1991 மார்ச்சில் ராஜீவ் காந்தி வீட்டு வாசலில் ஹரியானா போலீஸார் இரண்டு பேர் வேவு பார்த்தார்கள் என்று ரகளையாகி, பிரதமர் சந்திரசேகர் ராஜினாமா செய்தார். கேன்டீனில் வேறு பேச்சே கிடையாது அப்போது. அரசியல்வாதிகளின் போன்களை ஒட்டுக்கேட்டது பற்றி சிபிஐ எழுதிய அறிக்கையும் வெளியே வந்தது. அதை வைத்துத்தான் பியூசிஎல் என்கிற மனித உரிமை அமைப்பு உச்ச நீதிமன்றம் போனது. 1996 டிசம்பரில் தீர்ப்பு. ஒட்டுக்கேட்க இடம் கொடுத்த தந்திச் சட்டம் வந்தது 1885ல். எப்படி, யார் உத்தரவில், எத்தனை நாள் கேட்கலாம் என்று கோர்ட் வரையறுத்தது 111 வருடம் கழித்து! உள்துறைச் செயலாளர் உத்தரவு வேண்டும், இரண்டு மாதம்தான் செல்லும், நீட்டித்தாலும் ஆறு மாதத்துக்கு மேல் கூடாது, மறுஆய்வுக் குழு ஒன்று பார்க்க வேண்டும் என்றார்கள். பிறகு அதுதான் தந்தி விதிகளில் 419ஏ விதி ஆனது. இப்போது 2023 தொலைத்தொடர்புச் சட்டம் வந்து, 2024 டிசம்பரில் புது விதிகள் போட்டிருக்கிறார்கள். எலும்புக்கூடு அதேதான்.

அந்த மறுஆய்வுக் குழுவில் யார் தெரியுமா? மத்தியில் கேபினட் செயலாளரும் இரண்டு செயலாளர்களும். மாநிலத்தில் தலைமைச் செயலாளரும் இரண்டு செயலாளர்களும். ஒரு நீதிபதி கிடையாது. உத்தரவு போடுபவரும் அரசு, சரியா என்று பார்ப்பவரும் அரசு. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கூடும் மத்தியக் குழு ஒவ்வொரு கூட்டத்திலும் 15,000 முதல் 18,000 உத்தரவுகளைப் பார்க்க வேண்டியிருக்கும் என்று 2018ல் தகவல் பாதுகாப்புச் சட்டத்துக்காக அரசு அமைத்த நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா குழுவே எழுதியது. ஒரே மூச்சில் அத்தனையையும் எப்படிப் படிப்பது? நீங்கள் ஒரு நாளில் எத்தனை பக்கம் ஜெராக்ஸ் போடுவீர்கள் தம்பி, அதையே படிக்க முடியுமா?

மூன்று டிக் சமாசாரம் பொய். எனக்கே இருபது தடவை வந்திருக்கிறது. மத்திய அரசின் செய்திப் பிரிவான பிஐபி பல முறை மறுத்துவிட்டது. வாட்ஸ்அப் செய்தி அனுப்புபவர் போனிலிருந்து பெறுபவர் போன் வரை பூட்டியே போகிறது, 2016லிருந்து. எல்லா காலையும் பதிவு செய்வதும் பொய். ஆனால் யாரிடம், எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம், எந்த டவரிலிருந்து பேசினீர்கள் என்பது எல்லோருக்கும் பதிவாகிறது. இரண்டு வருடம் வைத்திருக்க வேண்டும் என்று 2021 டிசம்பரில் கம்பெனிகளுக்கு உத்தரவு. இதை டீக்கடையில் யாரும் சொல்ல மாட்டார்கள். பொய்யைத் தலைமேல் வைத்துக்கொண்டு ஆடுவார்கள், மெய்யைச் சொன்னால் "அப்படியா" என்று டீயைக் குடிப்பார்கள்.

அப்புறம் அந்தப் பழமொழி. எல்லோரும் தலைகீழாகச் சொல்கிறார்கள். மடி என்றால் வேட்டி மடிப்பு. அதில் முடிந்து வைப்பது சொந்தக் காசு. சந்தையில் மாடு விற்றுவிட்டு இருட்டில் நடந்து வருகிறவன்தான் பயப்படுவான், பறிப்பவன் பற்றி. கனம் அவனுடையது. திருடன் பயப்படுகிறான் என்று அதில் எங்கே இருக்கிறது? உங்கள் மடியில் அடகுச் சீட்டு இருந்தது, அது உங்கள் கனம். போலீஸுக்கு அதில் ஜோலி இல்லை.

கருப்புக் கோட்டு:

லைன்மேன் ஐயாவுக்கு ஒரு சேர்ப்பு. 2025 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் ஒரு தீர்ப்பு சொன்னார். லஞ்ச வழக்கு. 2011ல் உள்துறை போட்ட ஒட்டுக்கேட்பு உத்தரவை ரத்து செய்துவிட்டார். பொது அவசரநிலை, பொதுப் பாதுகாப்பு இரண்டுக்கு மட்டும்தான் தந்திச் சட்டம் இடம் கொடுக்கிறது, குற்றம் கண்டுபிடிக்க ரகசியமாகக் கேட்பது அதில் வராது என்றார். பதிவுகள் மறுஆய்வுக் குழுவுக்கே போகவில்லை என்பதும் வெளியே வந்தது. அதற்குச் சில நாள் முன்னால்தான் டெல்லி உயர் நீதிமன்றம் வேறொரு லஞ்ச வழக்கில், பெரிய ஊழலும் பொதுப் பாதுகாப்புக்குள் வரலாம் என்று எதிர்ப்பக்கம் போயிருந்தது.

கடைசி பஸ் கேட்டது நியாயமான கேள்வி. சட்டவிரோதமாக எடுத்த ஆதாரமும் கோர்ட்டில் செல்லும் என்று 1972லேயே மல்கானி வழக்கில் தீர்ப்பு உண்டு. நாங்கள் இன்னமும் அதோடுதான் மல்லுக்கட்டுகிறோம்.

கடைசி பஸ்:

எஃப்ஐஆர் இருக்கிற இடம் வேறு, இல்லாத இடம் வேறு, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ராத்திரிச் சோதனையே வேண்டாம் என்று யாராவது சொன்னால் மறுபடி வருவேன்.

நகலகம்:

எல்லோருக்கும் நன்றி. சோதனை வேண்டாம் என்று நானும் சொல்ல மாட்டேன் தம்பி. லைசென்ஸ் கார்டை எடுத்துப் பர்சில் வைத்துவிட்டேன். இன்று காலை ஒரு ஜூனியர் வக்கீல் 42 பக்க மனுவோடு வந்தார். மிஷின் ஓடும்போது 21 வருகிற பக்கத்தை நின்று படித்தேன். "என்னண்ணே, பேப்பர் மாட்டிக்கிச்சா?" என்றார்.

வாட்ஸ்அப்பில் ஒரு ஆளின் செய்தியை மட்டும் தனியாகப் பூட்டி வைக்க முடியுமாமே, எப்படி என்று யாராவது சொல்லுங்களேன்.

பழைய லைன்மேன்:

முடியும். அந்த ஆளின் பெயர்மேல் விரலை அழுத்திப் பிடித்தால் வரும். சங்கிலியை எப்போது மீட்கிறீர்கள்?