மன்னார் கனிய மணல் கம்பனியில் பங்கு வாங்கலாமா?

கொக்குவில் வாசி:
மெல்பேர்ணில் இருக்கிற மச்சான், அங்கே பங்குச்சந்தையில் பதிவான ஒரு கம்பனியில் காசு போடப் போகிறார், என்னையும் சேரச் சொல்கிறார். மன்னார் தீவில் இல்மனைற் (ரைற்றானியம் உள்ள கனியம்) மணலுக்கு ஆய்வு லைசென்ஸ் வைத்திருக்கும் கம்பனி. மணல் இருப்பது உண்மைதான், ஆனால் 2024இல் ஆட்சி மாறிய பிறகு அகழ்வுக்கு அனுமதி கிடைக்குமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கோ.

சுன்னாகம் கணக்கர்:
ஆய்வு லைசென்ஸ் துளை போட்டுப் பார்க்க மட்டும்தான், அதை வைத்து ஒரு லோட் மணல்கூட விற்க முடியாது. 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுரங்கங்கள், கனியங்கள் சட்டப்படி அகழ்வுக்கு வேறு லைசென்ஸ் வேண்டும். அதற்கு முதல் சூழல் தாக்க மதிப்பீடு, மத்திய சுற்றாடல் அதிகாரசபை, கரையோரப் பாதுகாப்புத் திணைக்களம், காணிக்காரரின் சம்மதம் என்று வரிசை நீளும், இதில் எந்த மேசையிலும் கோப்பு வருடக்கணக்கில் படுத்துவிடும். அதானியைப் பாருங்கோ. மன்னார், பூநகரியில் 484 மெகாவாட் காற்றாலை, முந்தைய அரசு யூனிட்டுக்கு 8.26 அமெரிக்கச் சதம் என்று ஒப்புக்கொண்டிருந்தது. புதிய அரசு விலையைக் குறைக்கக் கேட்டது, 2025 பெப்ரவரியில் அவர்கள் விலகிவிட்டார்கள். அவ்வளவு பெரிய கம்பனிக்கே அந்த நிலை.

பேசாலை மகன்:
அண்ணை, கொழும்பை விடுங்கோ, மன்னார் தீவில் எங்கள் பேசாலை ஊர் சம்மதிக்காது. அம்மம்மாவின் பனங்காணியில் சின்னப் பிள்ளையே வாளி விட்டு அள்ளலாம், தண்ணீர் அவ்வளவு மேலே நிற்கும். உப்புத் தண்ணீருக்கு மேல் மிதக்கிற மெல்லிய நன்னீர்ப் படை அது. மணலைக் கிண்டினால் கடல் உள்ளே வந்துவிடும், பிறகு பனையும் இல்லை, கிணறும் இல்லை. அதனால்தான் மன்னாரில் சனம் காற்றாலைக்கும் மணல் அகழ்வுக்கும் எதிராக றோட்டில் நின்றது, 2025 ஓகஸ்டில் ஜனாதிபதி அங்கே நடந்த வேறு காற்றாலை வேலையை ஒரு மாதம் நிறுத்தவேண்டி வந்தது. உங்கள் மச்சான் வாங்குவது எங்கள் காணியின் மேல்தான், தயவு செய்து இதை அவரிடம் சொல்லுங்கோ.

திருநெல்வேலி தம்பி:
இது எங்கள் நாட்டில் மட்டும் நடப்பதில்லை. பனாமாவில் ஓடிக்கொண்டிருந்த பெரிய செம்புச் சுரங்கத்தின் ஒப்பந்தத்தை 2023 ஒக்டோபரில் பாராளுமன்றம் நிறைவேற்றியது, சனம் தெருவில் இறங்கியது, நவம்பரில் உயர் நீதிமன்றம் செல்லாது என்றது, சுரங்கம் மூடப்பட்டது. செர்பியாவில் றியோ ரின்ரோ என்ற சுரங்கக் கம்பனியின் லித்தியம் அனுமதியை 2022இல் பறித்து 2024இல் திருப்பிக் கொடுத்தார்கள். புல்மோட்டையில் அரச கம்பனி பல வருடமாக இதே மணலை எடுக்கிறது, ஆகவே எடுக்கவே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் மன்னார் தீவில் சனம் நெருக்கமாக இருக்கிறது, அங்கே வேண்டாம்.

கொக்குவில் வாசி:
நன்றி. நான் காசு போடவில்லை, பேசாலைத் தம்பி எழுதியதை மச்சானுக்கு அப்படியே அனுப்பிவிட்டேன். அந்த ஆய்வு லைசென்ஸ் எப்போது காலாவதியாகிறது என்பதைச் சுரங்கப் பணியகத்தில் எழுத்தில் கேட்டு வாங்கலாமா?

சுன்னாகம் கணக்கர்:
கேட்கலாம், தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2016இலேயே வந்துவிட்டது. தமிழிலேயே எழுதுங்கோ.