பாம்பன் தெரு குரூப்: கடல்ல விழுந்த டிரோன்

ஆண்டோ: குந்துகால் கரையில டிரோன் விழுந்துருச்சு. கச்சான் காத்து தள்ளிருச்சு. முழங்கால் தண்ணி, எடுத்தாச்சு. டிரோனோட முன்கை ஒன்னு விரிசல், கேமரா தொங்குது. ஆன் பண்ணிப் பாக்கவா?

ரபீக் அண்ணன்: ஆன் பண்ணாத!! பேட்டரிய உடனே கழட்டு.

ரபீக் அண்ணன்: கடல் தண்ணி உள்ள இருக்கப்ப கரண்ட் பாஞ்சா போர்டுல இருக்க செம்பு அங்கேயே அரிச்சிரும். விழுந்த அடியில போறதவிட, ஓடுதான்னு பட்டன அமுக்கிப் போறதுதான் ஜாஸ்தி.

ஆண்டோ: கழட்டிட்டேன்ணே. பேட்டரி லேசா உப்பிருக்கு.

ஜெனிட்டா அக்கா: அத வீட்டுக்குள்ள கொண்டு வராத. இரும்பு வாளியில காஞ்ச மணலப் போட்டு அதுல வை. வாளி வெட்டவெளியில இருக்கட்டும், வலை, டீசல் கேன் எதுவும் பக்கத்துல வேணாம். லித்தியம் பேட்டரிக்குள்ள உப்புத்தண்ணி போனா சில மணி நேரம் கழிச்சுக் கூட தீப்பிடிக்கும். சார்ஜ் போடவே கூடாது. உப்பலன்னாலும் கடல்ல நனைஞ்சது போச்சுன்னு நெனச்சுக்க.

சகாயம் மாமா: அரிசி டின்னுக்குள்ள ரெண்டு நாள் போட்டு வைங்கப்பா. போனுக்கு அப்படித்தான செய்றாங்க.

ரபீக் அண்ணன்: அரிசி ஈரத்த இழுக்கும்னே வச்சுக்குவோம் மாமா, உப்ப இழுக்காதே. தண்ணி காஞ்சா உப்பு போர்டுல தங்கிரும். நம்ம ஊரு காத்து பட்டதும் கசிஞ்சு திரும்ப அரிக்கும். காய வைக்கிறதுக்கு முன்னாடி கழுவணும்.

சகாயம் மாமா: தண்ணில விழுந்தத திரும்பத் தண்ணிலயா!

ரபீக் அண்ணன்: அவுட்போர்டு எஞ்சின நல்ல தண்ணி விட்டு ஓட்டிக் கழுவுறீங்கள்ல, அதே கணக்கு. ஆனா போர் தண்ணி வேணாம், அதுலயும் உப்பு. இன்வர்ட்டர் பேட்டரிக்கு ஊத்துற டிஸ்டில்டு வாட்டர் 5 லிட்டர் கேன் ஒன்னு வாங்கு.

ஜெனிட்டா அக்கா: இருங்க. ஆண்டோ, கம்பெனியில விபத்துத் திட்டம் எதுவும் காசு கட்டிச் சேந்திருக்கியா? இருந்தா வெளிப்பக்கம் மட்டும் கழுவிட்டு அனுப்பிரு, ஸ்க்ரூவத் தொடாத. ஆப்ல இருக்க பறந்த பதிவையும் அழிக்காத, கேப்பாங்க.

ஆண்டோ: அதெல்லாம் இல்லக்கா. எல்லாரும் எடுக்கிற 249 கிராம் மினிதான்.

ரபீக் அண்ணன்: அப்ப திற. மொதல்ல மெமரி கார்ட எடுத்து நல்ல தண்ணியில அலசித் தனியாக் காய வை. நனைஞ்சபடி கம்ப்யூட்டர்ல சொருகாத. ஸ்க்ரூவ எடுக்க எடுக்க ஒரு பேப்பர்ல டிரோன் படம் வரஞ்சு அந்தந்த எடத்துல குத்தி வை. எல்லாம் ஒரே நீளம் இல்ல. நீளமானத குட்ட ஓட்டையில முறுக்கினா உள்ள இருக்க போர்டக் குத்திரும். ஒவ்வொரு ரிப்பன் கேபிளக் கழட்டுறப்பவும் ஒரு போட்டோ. மேல் மூடிய வெடுக்குனு இழுக்காத, ஜிபிஎஸ் வயர் அதுல ஒட்டி இருக்கலாம்.

ரபீக் அண்ணன்: போர்ட டிஸ்டில்டு வாட்டர்ல ரெண்டு தடவ அலசு. அப்புறம் 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், சாஃப்ட் டூத் பிரஷ். பேட்டரி சொருகுற முனை, கேபிள் சாக்கெட், சில்லுகளச் சுத்தி நல்லாத் தேய். வெள்ளையா பச்சையா பூத்திருந்தா அது போற வரைக்கும். கை கழுவுற சானிடைசர் ஆகாது, கிளிசரின் படிஞ்சிரும். கேமரா லென்ஸ்ல ஆல்கஹால் படக்கூடாது.

ஜெனிட்டா அக்கா: மாடியில காய வைக்காத, கடக்காத்துல மறுபடி உப்பு படியும். ரூமுக்குள்ள ஃபேன் காத்து, 48 மணி நேரம். ஹேர் டிரையர் வச்சா ரிப்பன் கேபிளும் பிளாஸ்டிக்கும் கோணிக்கும். லென்ஸுக்குள்ள மூட்டம் இருந்தா கேமராவ மட்டும் சிலிக்கா ஜெல்லோட மூடி டப்பாவுல வை.

ஆண்டோ: மோட்டார் ஒன்னு கையால சுத்துனா கரகரங்குதுண்ணே.

ரபீக் அண்ணன்: கரகரன்னா மணல். உள்ள இருக்கது காந்தம், கருமணல் துகள் ஒட்டிக்கிட்டு வராது. டேப்ப மெல்லிசா சுருட்டி உள்ள விட்டு ஒத்தி எடு. காத்து ஊதினா பேரிங்குக்குள்ள போயிரும். ஆல்கஹால் பட்ட பேரிங்ல தையல் மெஷின் ஆயில் ஒரு சொட்டு, ஊசி முனையில தொட்டு. அதுக்கும் சரியாகலன்னா மோட்டார மாத்து.

ரபீக் அண்ணன்: சத்தமே இல்லாம, பிரேக் பிடிச்ச மாதிரி ஒரே சீரா இறுகிச் சுத்தினா அது வேற நோய். போர்டுல மோட்டார ஓட்டுற மாஸ்ஃபெட்ங்கிற சில்லு ஷார்ட், இல்லன்னா மோட்டார் காயில் ஷார்ட். மோட்டார் வயரப் போர்டுல இருந்து எடுத்துட்டுச் சுத்து. லேசாயிருச்சுன்னா போர்டுதான் குத்தம். அப்பவும் இறுகினா மோட்டார்.

சகாயம் மாமா: இது நல்ல கணக்கா இருக்கே.

ரபீக் அண்ணன்: பேட்டரி போடுறதுக்கு முன்னாடி மல்டிமீட்டர பீப் சத்தத்துல வச்சு, டிரோன் பக்கம் பிளஸ்லயும் மைனஸ்லயும் வை. ஒரு செகண்ட் கத்திட்டு நின்னா கெபாசிட்டர் சார்ஜ் ஆகுது, பயமில்ல. கத்திக்கிட்டே இருந்தா ஷார்ட். பேட்டரி சொருகாத.

ஆண்டோ: கேமரா தொங்குறது?

ஜெனிட்டா அக்கா: பவர் இல்லாதப்ப தொங்கத்தான் செய்யும். மூணு அச்சுலயும் விரலால மெதுவா அசை, எங்கயும் உரசக் கூடாது. அதிர்வு தாங்குற ரப்பர் எல்லாம் எடத்துல இருக்கா எண்ணு. ஒன்னு கழண்டா வீடியோ ஜெல்லி மாதிரி ஆடும். வீடியோவுல தொடுவானம் சாஞ்சு விழுந்தா மொதல்ல ஆப்ல கிம்பல் (கேமராவ ஆடாமத் தாங்குற அமைப்பு) கேலிப்ரேஷன் போடு, அப்பவும் சாஞ்சா கிம்பல் கை வளஞ்சிருக்கு. கிம்பல் ஆடுது, ஆனா படம் கருப்புன்னா அனேகமா கேபிள் கிழிஞ்சிருக்கும். கேபிள் மட்டும் தனியாக் கெடைக்கும். மொத்த கேமராவையும் மாத்தச் சொல்றவங்ககிட்ட அவசரப்பட்டுத் தலையாட்டாத.

ஆண்டோ: விரிசல் விட்ட கைய ஃபெவிக்விக்ல ஒட்டிரலாமா?

ஜெனிட்டா அக்கா: வேணாம். பறக்கிறப்ப பாரம் அங்கதான் விழும், அதிர்வுல விட்டுரும். அதோட அந்தப் பசையோட ஆவி லென்ஸ்ல வெள்ளையாப் படியும். மோட்டாரோட சேந்த முழுக் கையா வாங்கு. நிறைய மாடல்ல முன்கால்ல ஆன்டெனா இருக்கு, அந்த வயர் நசுங்காம உள்ள விடு. எறக்கை எட்டையும் மாத்திரு, எறக்கை பாக்கெட்ல வர்ற புது ஸ்க்ரூவோட.

சகாயம் மாமா: டிரோன் வர்றதத்தான் தடை பண்ணிட்டாங்களே, சாமான் மட்டும் எப்படிக் கெடைக்கும்?

ரபீக் அண்ணன்: 2022 பிப்ரவரியில தடை போட்டது முழு டிரோனுக்கும் பிரிச்சுக் கொண்டு வர்ற கிட்டுக்கும். உதிரி பாகத்துக்குத் தடை இல்ல. சென்னை எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெரு ரிச்சி ஸ்ட்ரீட்ல விசாரிக்கலாம். மெயின் போர்டும் கேமராவும் ரெண்டுமே போயிருந்தா செலவு பண்ணாத, மிச்சத்த உதிரிக்கு வித்துரு.

ஜெனிட்டா அக்கா: எல்லாம் மாட்டின பெறகு எறக்கை இல்லாம புது பேட்டரி போட்டு ஆன் பண்ணு. ஏதாவது சூடாகுதா, கருகின வாடை வருதான்னு பாரு. சமதரையில வச்சு ஐஎம்யூ (சாய்வு, அசைவு பாக்குற சென்சார்) கேலிப்ரேஷன். காம்பஸ்ஸ வெட்டவெளியில பண்ணு, போட்டு மேலயோ பாலத்துப் பக்கமோ வேணாம், இரும்பு இழுக்கும். எறக்கைய மாட்டி ஒன்றர மீட்டர் ஒசரத்துல 3 நிமிஷம் நிறுத்து. எறக்கினதும் நாலு மோட்டாரையும் தொட்டுப் பாரு. ஒன்னு மட்டும் சுட்டா அந்த மோட்டார்ல ஏதோ சரியில்ல.

ரபீக் அண்ணன்: தண்ணிக்கு மேல டெஸ்ட் வேணாம், அடியில இருக்க சென்சார் அலையப் பாத்துக் கொழம்பும். உச்சிப்புளி பக்கமும் போகாத, கடற்படை விமானத் தளம் ஐ.என்.எஸ். பருந்து இருக்கு. எங்க ஏத்துறதா இருந்தாலும், டிரோன் பறக்கலாமா கூடாதான்னு நெறம் போட்டுக் காட்டுற அரசாங்க டிஜிட்டல் ஸ்கை மேப்ல அந்த எடம் என்ன நெறம்னு பாத்துக்க. இந்த வகை மினி தாங்குறது மணிக்கு 38 கிலோமீட்டர் காத்து வரைக்கும்தான்.

ஆண்டோ: சரிண்ணே. ராம்நாட்டுல ஆல்கஹால் எங்க கெடைக்கும்?

ரபீக் அண்ணன்: செல்போன் சர்வீஸ் சாமான் விக்கிற கடையில ஐபிஏன்னு கேளு. பாட்டில்ல 99னு போட்டிருக்கான்னு பாத்து வாங்கு.

சகாயம் மாமா: மணல் வாளி நம்ம செட்டுல இருக்கு, வந்து எடுத்துக்க.