நம்ம குடும்பம் குழு: அத்தையின் கடைவாய்ப் பல்

வசந்தா அத்தை: கீழே இடது பக்கக் கடைவாய்ப் பல் உயிரை எடுக்கிறது. இன்று ஒரு கிளினிக்கில் காட்டினேன். அவர்கள் கொடுத்த தாளைப் போட்டிருக்கிறேன், பாருங்கள். காப்பீடு இருக்கிறதா என்று கேட்டார்கள், இல்லை என்றேன். மொத்தத் தொகையைப் பார்த்ததும் வலி மறந்துவிட்டது.

[படம்]

செந்தில்: அத்தை, இது பல்லுக்குப் போட்ட கணக்கா, வீடு கட்டப் போட்ட கணக்கா?

ராஜா சித்தப்பா: அக்கா, பேசாமல் பிடுங்கிப் போட்டுவிடு. ஒரே நாளில் தொல்லை விட்டது.

பெரியம்மா: வசந்தா, போன தடவை எனக்கு எழுதிக்கொடுத்த ஆன்டிபயாட்டிக் மிச்சம் இருக்கிறது. கொடுத்தனுப்பட்டுமா?

நித்யா: பெரியம்மா, வேண்டவே வேண்டாம். அத்தை, முதலில் இதைச் சொல்லுங்கள். கன்னம் வீங்கியிருக்கிறதா? காய்ச்சல்? வாயைத் திறக்க, விழுங்கக் கஷ்டமா?

வசந்தா அத்தை: வீக்கம் இல்லைம்மா. சூடாக எது பட்டாலும் சுரீரென்று ஏறி, நிற்காமல் வலிக்கிறது. ராத்திரி படுத்தால் இன்னும் மோசம்.

நித்யா: அப்படியென்றால் சொத்தை நரம்பைத் தொட்டிருக்கும். ஆன்டிபயாட்டிக் அதற்கு உதவாது. உள்ளே நரம்பு சாகும்போது ரத்த ஓட்டமும் நின்றுபோகும், அப்புறம் மருந்து எந்த வழியாகப் போய்ச் சேரும்? பல்லைத் திறந்து உள்ளே சுத்தம் செய்து அடைக்க வேண்டும், அதுதான் ரூட் கேனால். இல்லாவிட்டால் எடுக்க வேண்டும். நாளைக்கே வலி தானாக நின்றுவிட்டாலும் ஏமாந்துவிடாதீர்கள். நரம்பு செத்திருக்கும், சீழ் பின்னால் வரும். வீக்கம் கண்ணுக்கோ கழுத்துக்கோ ஏறினால், மூச்சுவிடவோ விழுங்கவோ சிரமமானால், பல் டாக்டரைத் தேடிக்கொண்டிருக்காமல் நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.

பெரியம்மா: கிராம்பு எண்ணெய்?

நித்யா: பஞ்சில் ஒரு சொட்டு வைக்கலாம், கொஞ்ச நேரம் மரத்துப்போகும். ஈறில் நிறையத் தடவினால் புண்ணாகிவிடும். வலி மாத்திரையை மட்டும் நீங்களாக வாங்கிப் போடாதீர்கள் அத்தை. பிபி மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இபுப்ரோஃபென் எல்லா நேரமும் ஒத்துவராது. உங்கள் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

செந்தில்: தாளில் 36, 46 என்று போட்டிருக்கிறதே, அது என்ன?

நித்யா: பல்லின் எண். வாயை நான்காகப் பிரித்து, முதல் இலக்கம் எந்தப் பகுதி, அடுத்தது நடுவிலிருந்து எத்தனையாவது பல் என்று எழுதுவோம். 36 கீழ் இடது முதல் கடைவாய்ப் பல், அதுதான் வலிக்கிற பல். 46 அதற்கு நேர் எதிர்ப் பக்கம். அத்தை, அதை ஏற்கெனவே எடுத்துவிட்டீர்கள்தானே?

வசந்தா அத்தை: ஆமாம், அது போய் வெகுகாலம் ஆயிற்று.

நித்யா: சித்தப்பா, அதனால்தான் பிடுங்குவதற்கு யோசிக்கிறேன். வலது பக்கம் அந்த இடம் ஏற்கெனவே காலி. இதையும் எடுத்தால் எந்தப் பக்கம் மெல்லுவார்கள்? பக்கத்துப் பல் சாயும், மேல் பல் கீழே இறங்கும். பிறகு பல் கட்டப் போனால் ரூட் கேனாலைவிட அதிகம் கேட்பார்கள். ஆனால் பல் ஈறுக்குக் கீழே பிளந்திருந்தால் நீங்கள் சொல்வதுதான் சரி, அதில் பணம் போடக் கூடாது. எக்ஸ்ரே பார்த்தால் ஓரளவு தெரியும்.

ராஜா சித்தப்பா: சரி, டாக்டரம்மா. பணத்துக்கு வழி சொல்லு.

நித்யா: பல் மருத்துவம் இன்னும் படித்து முடிக்கவில்லை சித்தப்பா 😄 தாளில் இருப்பதையெல்லாம் இப்போதே செய்ய வேண்டியதில்லை. 36க்கு ரூட் கேனாலும், பல்லுக்கு மேல் மூடி மாதிரி போடுகிற கேப்பும் அவசரம். சின்னச் சொத்தைகளை அடைப்பது அடுத்தது, அவையும் பெரிதாகிவிட்டால் செலவு ஏறும். 46இல் இம்ப்ளான்ட், அதாவது எலும்பில் திருகிப் பொருத்துகிற செயற்கைப் பல், பொறுக்கலாம். வெண்மையாக்குவதை அடித்துவிடுங்கள், அது அழகுக்கு.

செந்தில்: பல் மருத்துவக் கல்லூரிக்கு அழைத்துப் போகலாமே. எனக்கு அங்கேதான் செய்தார்கள். கிளினிக்கில் கேட்டதில் சிறு பங்குதான் ஆயிற்று.

வசந்தா அத்தை: படிக்கிற பிள்ளைகள் என் வாயில் பழகுவார்களா?

செந்தில்: நானும் அப்படித்தான் பயந்தேன். ஆனால் அந்தப் பையன் ஒரு படி முடித்ததும் கையை எடுத்துவிட்டுப் பேராசிரியருக்காகக் காத்திருப்பான். அவர் எக்ஸ்ரேயைப் பார்த்து, சுத்தம் செய்கிற ஊசி வேரின் நுனிவரை போயிருக்கிறதா என்று சரிபார்த்துத் தலையாட்டினால்தான் அடுத்த வேலை. பல்லைச் சுற்றி ஒரு ரப்பர் விரிப்பை மாட்டினான், தண்ணீரும் மருந்தும் தொண்டைக்குள் போகவில்லை. சிரமம் நேரம்தான். கிளினிக்கில் ஒரு மணி நேர வேலை அங்கே ஒரு காலைப் பொழுதைத் தின்னும். தாடை வலிக்கும். சில வாரம் இழுக்கும்.

நித்யா: அண்ணா சொல்வது உண்மை. நாங்கள் தேர்ச்சி பெற இத்தனை ரூட் கேனால் செய்து காட்ட வேண்டும் என்று கணக்கு உண்டு, அதனால் நோயாளியைத் தேடிக்கொண்டிருப்போம். சிக்கலான வேராக இருந்தால் மேற்படிப்பு மாணவரிடம் அனுப்புவார்கள். காலையில் சீக்கிரம் போனால்தான் பதிவு கிடைக்கும். முதலில் பரிசோதனைப் பிரிவில் பார்த்துவிட்டுத்தான் மற்றப் பிரிவுக்கு அனுப்புவார்கள். விடுமுறை, தேர்வுக் காலத்தில் ஆளே இருக்க மாட்டோம், அதைக் கேட்டுக்கொண்டு தொடங்குங்கள்.

பெரியம்மா: இலவச முகாம் போடுகிறார்களே?

நித்யா: அங்கே பெரும்பாலும் பரிசோதனை, சுத்தம் செய்வது, பிடுங்குவது. நடுவில் விட்டால் யார் தொடர்வது? அரசு மருத்துவமனையும் ஊருக்கு ஊர் மாறும், ரூட் கேனால் செய்வார்களா என்று முன்பே கேளுங்கள்.

ராஜா சித்தப்பா: ரூட் கேனாலோடு நிறுத்திக்கொண்டால் கேப் செலவு மிச்சம்.

நித்யா: அங்கேதான் நிறையப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். கடைவாய்ப் பல்லைக் குடைந்த பிறகு மூடாமல் விட்டால், கடிக்கிற அழுத்தத்தில் ஒருநாள் இரண்டாகப் பிளக்கும். போட்ட பணமும் பல்லும் சேர்ந்து போகும். மிச்சம் பிடிக்க வேண்டுமென்றால் கேப்பின் வகையில் பிடியுங்கள். தாளில் பல் நிறத்தில் இருக்கிற ஜிர்கோனியா கேப் எழுதியிருக்கிறார்கள். அவ்வளவு பின்னால் யார் பார்க்கப் போகிறார்கள்? முழு உலோகக் கேப் விலை குறைவு, நன்றாக உழைக்கும்.

ராஜா சித்தப்பா: சொத்தை அடைக்கவும் மலிவாக ஒன்று சொல்வார்களே, அது சரிவருமா?

நித்யா: கிளாஸ் அயனோமரா? பல்லை அடைக்கிற ஒரு வகைச் சிமென்ட். உலகச் சுகாதார நிறுவனமே 2021இல் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. ஃபுளூரைடு பற்பசையும் அதே பட்டியலில் இருக்கிறது. பெரிய கடி அழுத்தம் விழுகிற இடத்தில் கொஞ்சம் தேயும், சின்னச் சொத்தைக்கு நன்றாகவே போதும். பற்பசை வாங்கும்போது 1000 முதல் 1500 பிபிஎம் ஃபுளூரைடு இருக்கிறதா என்று பாருங்கள். தேய்த்ததும் துப்பினால் போதும், தண்ணீரால் கொப்பளிக்காதீர்கள்.

வசந்தா அத்தை: இங்கேயே செய்துகொண்டால் மாதத் தவணை தருகிறேன் என்றார்கள்.

செந்தில்: கிளினிக்கே தருகிற தவணையா, கடன் நிறுவனம் தருவதா என்று கேளுங்கள் அத்தை. வட்டி இல்லை என்பார்கள், ஒரு தவணை தவறினால் முதல் நாளிலிருந்து வட்டி போடுகிற திட்டமும் இருக்கிறது. மொத்தமாகக் கொடுத்தால் எவ்வளவு குறைப்பீர்கள் என்றும் கேட்டுவிடுங்கள்.

நித்யா: கல்லூரிக்குப் போவதென்றாலும் இன்று எடுத்த எக்ஸ்ரேயின் நகலை வாங்கிக்கொள்ளுங்கள். ஃபோனுக்கு அனுப்பச் சொன்னாலே போதும்.

வசந்தா அத்தை: கேட்டேன், அனுப்பிவிட்டார்கள். இதோ.

[படம்]

நித்யா: எங்கள் கல்லூரி மேடத்திடம் காட்டினேன். வேரைச் சுற்றி எலும்பு நன்றாக இருக்கிறது, பிளவு எதுவும் தெரியவில்லை, காப்பாற்றலாம் என்கிறார். வாயைப் பார்த்துத்தான் முடிவு சொல்வார்.

வசந்தா அத்தை: அப்படியென்றால் திங்கட்கிழமை வருகிறேன். செந்தில், நீ கூட வருவாயா?

செந்தில்: வருகிறேன் அத்தை. பிபி மாத்திரைச் சீட்டை மறக்காமல் எடுத்து வையுங்கள். பதிவு திறப்பதற்கு முன்பே அங்கே நிற்க வேண்டும்.