தக்காளி, சொசேஜ், எங்கள் தெருவின் பிரெக்சிட்

இங்கிலாந்தின் கென்ட்டில், ஆஷ்போர்டுக்குப் பக்கத்தில் கடை வைத்திருக்கிறேன். மரக்கறி, பால், பாண், எங்கள் ஆட்களுக்கு அரிசி, மிளகாய்த்தூள் எல்லாம் இருக்கும். டோவர் துறைமுகத்தில் இறங்கும் லொறிகள் எம்20 நெடுஞ்சாலை வழியாக எங்களைத் தாண்டித்தான் லண்டனுக்குப் போகின்றன. பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தைவிட்டு விலகிய பிரெக்சிட்டால் சாப்பாட்டுக்குத் தட்டுப்பாடு வந்ததா இல்லையா என்று இன்றைக்கும் ஆட்கள் சண்டை பிடிக்கிறார்கள். நான் பார்த்த அளவில், பெரிய கடைகள் ஒருமாதிரிச் சமாளித்துவிட்டன. அடி முழுக்கச் சின்ன ஆட்களுக்குத்தான்.

2016 ஜூன் 23 வாக்கெடுப்புக்கு முந்திய வாரங்களில் கடையில் பேச்செல்லாம் குடிவரவைப் பற்றித்தான். விலகவேண்டும் என்று நின்றவர்கள் எங்கள் ஆட்களிலும் நிறையப் பேர். எண்பதுகளில் இங்கே வந்த ஒரு ஐயா காலையில் பேப்பர் வாங்க வருவார். "போலந்துக்காரன் விசா இல்லாமல் வரலாம், என்ர தங்கச்சியின்ர பெடியன் வர ஏலாதோ?" என்பார். அந்தக் கேள்வியில் நியாயம் இல்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை. 2014 மே மாதம் ஐரோப்பிய ஒன்றியம் பழ ஈயைக் காரணம் காட்டி இந்திய மாம்பழம், பாகற்காய், கத்தரிக்காய், புடலங்காய்க்கெல்லாம் தடை போட்டிருந்தது. அந்தக் கோபமும் அவருக்கு இருந்தது. விலகினால் தெற்காசியாவில் இருந்து சமையல்காரர்களைக் கூட்டிவரலாம், கறி உணவகங்களைக் காப்பாற்றலாம் என்று அப்போதைய அமைச்சர் பிரீத்தி பட்டேல் வேறு பிரசாரம் செய்தார். ஐயா, குளிர்காலத்தில் தக்காளி எங்கே இருந்து வருகுது என்று கேட்டேன். "ஸ்பெயின்காரன் விக்காமல் எங்க கொண்டுபோய்க் கொட்டப்போறான்?" என்றார்.

கேட்க நல்லாகத்தான் இருந்தது. ஆனால் பெறுமதிக் கணக்கில் இந்த நாடு சாப்பிடுவதில் ஏறத்தாழ 60 வீதம்தான் இங்கே விளைகிறது. டிசம்பரில் தக்காளியில் 95 வீதமும், லெட்டியூஸில் 90 வீதமும் வெளியில் இருந்துதான் வரவேண்டும்.

2020 டிசம்பரில் பிரான்ஸ் எல்லையை மூடியபோது ஆயிரக்கணக்கான லொறிகள் எங்கள் பக்கம் தேங்கி நின்றன. அது கொரோனாவால் வந்தது, அதைப் பிரெக்சிட் கணக்கில் எழுதக்கூடாது. கிரேவ்சென்டில் சீக்கியர்களின் குருத்வாராவில் சமைத்து, நெடுஞ்சாலையில் நின்ற ஓட்டுநர்களுக்குச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்தார்கள். அதைச் சொல்லாமல் விட மனமில்லை.

2023 பெப்ரவரிதான் எனக்கு எல்லாவற்றையும் விளக்கிய மாதம். டெஸ்கோவிலும் ஆல்டியிலும் ஆளுக்கு மூன்று தக்காளிப் பைக்கு மேல் இல்லை. நான் மரக்கறி எடுப்பது லேட்டனில் உள்ள நியூ ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் சந்தையில். நடு இரவுக்குப் பிறகுதான் அங்கே வியாபாரம் சூடுபிடிக்கும். வழக்கமாக ஆறேழு பவுணுக்கு எடுக்கும் தக்காளிப் பெட்டிக்கு அன்றைக்கு இருபது சொன்னார்கள். மேல்வரிசை சிவப்பு. கீழே கையைவிட்டுப் பார்த்தால் பாதி பச்சை, காம்புப் பக்கம் குளிர் பட்டுக் கறுத்திருந்தது. ஏன் இப்படி என்று எனக்குத் தெரிந்த துருக்கி வியாபாரியிடம் கேட்டேன். "ஸ்பெயினில் அல்மேரியாவில் குளிர், மொரோக்கோவில் மழை. இருக்கிற சரக்கை ஜெர்மனிக்கு அனுப்பினால் எல்லையில் கடுதாசி இல்லை, காத்திருப்பும் இல்லை. குறைவாக இருக்கிற நாளில் யாருக்கு முதலில் கொடுப்பான்?" என்றார். இங்கே பெரிய கடைகள் முன்கூட்டியே பேசிய விலைக்கு மேல் கொடுக்க மாட்டார்களாம். அதனால்தான் அவர்களின் தட்டு காலியாகி, என்னைப் போன்ற கடையில் தக்காளி இருந்தது. ஆனால் அந்த விலைக்கு என் வாடிக்கையாளர்களில் எத்தனை பேரால் வாங்க முடியும்?

ஸ்பெயினில் விடுமுறை கழித்து வந்த ஒரு அம்மா, அங்கே கடை நிறையத் தக்காளி குவிந்திருந்த படத்தைப் போனில் காட்டினார். பின்னால் நின்றவர், காலநிலைக்கும் பிரெக்சிட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று சத்தம் போட்டார். இருவர் சொன்னதும் பாதி பாதி சரி. வெறும் காலநிலை என்றால், லண்டனுக்குப் பக்கத்தில் லீ பள்ளத்தாக்கில் மரக்கறி வளர்க்கும் கண்ணாடி வீடுகள் கைகொடுத்திருக்க வேண்டும். எரிவாயு விலையையும் ஆள் பற்றாக்குறையையும் பார்த்துப் பலர் நடவே செய்யாமல் விட்டிருந்தார்கள். அந்தநேரம் உணவு அமைச்சர் தெரேஸ் கோஃபி நாடாளுமன்றத்தில், தக்காளிக்குப் பதில் பருவத்துக்கு விளையும் டர்னிப் கிழங்கைச் சாப்பிடலாம் என்பதுபோலப் பேசியது எங்கள் தெருவில் எல்லோரையும் கோபப்படுத்தியது, விலக வாக்களித்தவர்களையும் சேர்த்து.

ஆள் பற்றாக்குறை என்றேன். முன்பு ஸ்ட்ரோபெரி, ஆப்பிள் பறிக்க ருமேனியர்களும் பல்கேரியர்களும் வருவார்கள். இப்போது ஆறு மாத விசாவில் கிர்கிஸ்தான், உஸ்பெகிஸ்தான், நேபாளம் என்று தூரத்தில் இருந்து வருகிறார்கள். கடையில் பருப்பு வாங்கிய ஒரு நேபாளத்துத் தம்பி, விசாவுக்கும் விமானத்துக்கும் பட்ட கடனை அடைக்கவே பாதிப் பருவம் போய்விடும் என்றான். பழம் பறிக்க வெளியில் இருந்து ஆட்கள் வருவது நிற்கவில்லை, வருகிறவர்களின் கடன்தான் கூடியிருக்கிறது.

இனிப் பக்கத்துக் கடை. போலந்துக்காரர், சொசேஜும் பால்கட்டியும் விற்பவர். சின்னத் தயாரிப்பாளர்கள் பத்துப்பேரின் பெட்டிகளை ஒரே லொறியில் சேர்த்து எடுப்பார். 2024 ஜனவரி 31 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் இருந்து வரும் இறைச்சி, பால் பொருட்களுக்கு மிருக வைத்தியர் கையெழுத்திட்ட சான்றிதழ் வேண்டும். ஏப்ரல் 30 முதல் சோதனையும் கட்டணமும். அப்போது ஒரு பொருள் வகைக்கு 29 பவுண், ஒரு சான்றிதழுக்குக் கூடியது 145. ஒரே சரக்கை லொறி நிறைய ஏற்றுகிறவனுக்கு அது ஒன்றும் இல்லை. கலந்து ஏற்றுகிற இவருக்கு ஒவ்வொரு பெட்டியிலும் விழும். ஒருமுறை ஒரு சான்றிதழில் பெட்டி எண்ணிக்கை பிழை. சோதனை டோவரிலேயே இல்லை, 22 மைல் தள்ளி எங்கள் செவிங்டனில். பிழை ஒரு பெட்டியில், மறிபட்டது முழு லொறியும். விடுபட்டு வந்தபோது தயிர் திகதிக்கு ஒருநாள்தான் மிச்சம். முழுவதையும் குப்பையில் போட நான்தான் கை கொடுத்தேன். அதற்குப் பிறகு நேரடியாக எடுப்பதை நிறுத்திவிட்டார். இப்போது ஒரு பெரிய மொத்த வியாபாரியிடம் வாங்குகிறார், மற்றக் கடைகளில் இருக்கும் அதே நாலு வகை.

2025 மே 19 அன்று லண்டனில் நடந்த உச்சிமாநாட்டில் இந்தச் சான்றிதழ்களைப் பெரும்பாலும் நீக்கும் ஒப்பந்தத்துக்கு பிரிட்டனும் ஐரோப்பிய ஒன்றியமும் கொள்கையளவில் சம்மதித்தார்கள். செய்தி வந்த அன்றே பக்கத்துக் கடைக்காரருக்கு ஓடிப்போய்ச் சொன்னேன். பழைய தயாரிப்பாளர் ஒருவருக்குப் போன் போட்டுப் பார்த்தார். அந்த மனிதர் சொசேஜ் முழுவதையும் பெர்லினில் ஒரு கடைக்குக் கொடுக்கத் தொடங்கிவிட்டாராம், இங்கிலாந்துக்குத் திரும்ப அனுப்புகிற யோசனை இல்லையாம்.